பழைய ஸ்விஃப்ட்: எந்த இன்ஜின்?

செகண்ட் ஹேண்டில் மாருதி ஸ்விஃப்ட் தேடுபவர்கள் நிறத்தையும் கிலோமீட்டரையும் பார்த்துவிட்டு, இன்ஜினைக் கடைசியில் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

2005-ல் இந்தியாவுக்கு வந்த முதல் ஸ்விஃப்டில் இருந்தது 1.3 லிட்டர் பெட்ரோல். 2010-ல் அந்த இடத்துக்கு 1.2 லிட்டர் கே-சீரிஸ் வந்தது. இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், கே-சீரிஸ்தான். பழைய 1.3-ல் டைமிங் பெல்ட். அதை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இல்லையென்றால், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசலாம். கே-சீரிஸில் பெல்ட் கிடையாது, செயின்.

டீசல் 2007-ல் வந்தது. 1248 சிசி, 75 குதிரைத்திறன், ஃபியட் வடிவமைத்த மல்டிஜெட். டாடா விஸ்டாவிலும் ஃபியட் புன்டோவிலும் இதே குடும்ப இன்ஜின்தான் என்பதால், இதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் ஊருக்கு ஊர் உண்டு. நெடுஞ்சாலையில் சுகம், நகர நெரிசலில் டர்போ விழிக்கும்வரை கொஞ்சம் மந்தம்.

டீசலைப் பார்க்கப் போனால் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படலாம். செயின் சலசலப்பு, நீலப்புகை இரண்டும் பெரிய செலவின் அறிகுறி.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்ததோடு மாருதி டீசலையே கைவிட்டது. தினமும் நீண்ட தூரம் ஓட்டாதவர்களுக்கு 2010-க்குப் பிந்தைய பெட்ரோலே போதும்.