பங்கு விலை சரியும்போது

கொரோனா அச்சத்தால் 2020 மார்ச் 23 அன்று பம்பாய்ப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் குறியீடு ஒரே நாளில் 3,934 புள்ளிகள், அதாவது 100க்கு 13 வீதம் சரிந்தது. பதறி விற்றவர்கள் நஷ்டத்தை உறுதியாக்கிக் கொண்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் குறியீடு பழைய உச்சத்தையும் கடந்தது.

நமது குன்னூர் ஏலத்தில் தேயிலை விலை விழுந்தால், தோட்டக்காரர் அந்த வாரமே செடியைப் பிடுங்கி எறிகிறாரா? ஹலாலான தொழில் செய்யும் கம்பெனியின் பங்கும் அப்படித்தான். அது தொழிலில் ஒரு கூட்டு. விழுந்தது விலையா, தொழிலா என்று முதலில் விசாரிக்க வேண்டும். தொழிலே நொடித்திருந்தால் விலகுவதில் குற்றமில்லை.

ஆனால், பொறுத்திருக்கச் சொந்தப் பணம் வேண்டும். 2008இல் விழுந்த சந்தை பழைய உச்சத்தை எட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வட்டிக் கடனோ, மகளின் கல்யாணப் பணமோ அதுவரை காத்திருக்குமா? வட்டி ஹராம், குடும்பச் செலவோ நம்மீது கடமை. இவ்விரண்டையும் மறந்து இறங்குவோருக்கே சரிவு பேரிடியாகிறது.

ஒரு மஸ்அலா: விற்று லாபம் பெறும் நோக்கில் வாங்கிய பங்குகளுக்கு, ஆண்டு நிறைவாகும் நாளின் சந்தை விலைப்படியே ஜகாத் கணக்கிட வேண்டும், வாங்கிய விலைப்படி அல்ல.

கைநழுவியதற்காகத் துவளாமலும், கிடைத்ததற்காகக் கர்வம் கொள்ளாமலும் இருக்கவே திருக்குர்ஆன் (57:23) போதிக்கிறது. வல்ல அல்லாஹ் நமக்கு ஹலாலான ரிஜ்கையும் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.