பென்சிலும் ஒரு பகடையே

பகடைக்கு ஆறு முகம். நாம் எழுதும் பென்சிலுக்கும் பெரும்பாலும் பக்கம் ஆறு. இவ்வொற்றுமையைக் கொண்டு, ஜப்பானில் எனிக்ஸ் நிறுவனம் 1993இல் ‘போர்ப் பென்சில்’ எனப் பொருள்படும் பெயரில் ஒரு விளையாட்டை வெளியிட்டது. ‘டிராகன் குவெஸ்ட்’ என்ற வீடியோ விளையாட்டின் அரக்கர்களே இப்பென்சில்களில் இருந்தார்கள். பென்சிலை மேசைமேல் உருட்டவேண்டும். மேலே தெரியும் பக்கத்தில் உள்ளபடி எதிரியின் உயிர்ப்புள்ளி குறையும். புள்ளி தீர்ந்தவர் தோற்றவர். எழுதுகோல்தானே என்று பள்ளிப் பைக்குள்ளும் புகுந்துவிட்டது! (எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பென்சில் பிடித்தவன் நான். உருட்டியிருந்தால் அப்பா விட்டிருக்கமாட்டார்.)

சீவச் சீவப் பென்சில் குட்டையாகும். ஆயினும் குறுக்குவெட்டு அதே அறுகோணம் என்பதால் நிகழ்தகவு 1/6 மாறாது.

இனி, காகிதம் ஒட்டி நாமே இரண்டு பென்சில் செய்வோம். முதலாவதில் ஆறு பக்கமும் 10. இரண்டாவதில் ஒரு பக்கம் 60. மற்ற ஐந்தும் சுழி. இரண்டிற்கும் சராசரி 10தான். ஆளுக்கு 60 உயிர்ப்புள்ளி என்றால் ஆட்டம் சமம் என்றே நண்பர்கள் பலரும் சொல்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. முதல் பென்சில் வெல்ல ஆறு உருட்டு தேவை. இரண்டாவது பென்சிலுக்கு ஒரே ஒரு 60 போதும். அது பின்னால் தொடங்கினாலும், எதிரி ஆறாம் முறை உருட்டுமுன் ஐந்து வாய்ப்பு கிடைக்கும். ஐந்தும் தவறும் நிகழ்தகவு (5/6)⁵. அதாவது சுமார் 0.40. ஆகவே சூதாடிப் பென்சிலே நூற்றுக்கு அறுபது முறை வெல்லும்! முன்னால் தொடங்கினால் ஏறத்தாழ அறுபத்தேழு.

உயிர்ப்புள்ளி 10 மட்டும் என்று வைத்துப் பாருங்கள், கதை தலைகீழ். முந்தி உருட்டினாலும் அதற்கு ஆறில் ஒரு பங்கு வாய்ப்பே. பிந்தினால் அதுவும் இல்லை.