கணையத்தின் கொடை

நுழையும்முன்

நூறாண்டுகளுக்கு முன்பு, நீரிழிவு தாக்கிய சிறாருக்கு மருத்துவர்கள் வகுத்துத் தந்த வழி பட்டினி ஒன்றே. அவ்வழியிலிருந்து ஒரு சிறுவனை மீட்ட மருந்தைப் பற்றியும் அது உடலுள் செயற்படும் முறையைப் பற்றியும் இப்பாடம் கூறுகிறது.

1921ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், கனடா நாட்டின் டொராண்டோ பொது மருத்துவமனையில் லியோனார்ட் தாம்சன் என்னும் சிறுவன் சேர்க்கப்பட்டான். பதின்பருவம் எய்திய அவனது எடை முப்பது கிலோகிராமுக்கும் குறைவு. எலும்பும் தோலுமாய், அரைமயக்கத்தில் கிடந்தான். அவன் மூச்சில் அசிட்டோன் மணம் வீசியது. மருத்துவர்கள் அம்மணத்தின் பொருளை அறிந்திருந்தனர்; மாற்றுத்தான் அறிந்திலர்.

நீர் இழிதல், அதாவது வழிந்து இறங்குதல் என்னும் பொருளிலேயே நீரிழிவு என்னும் சொல் பிறந்தது. இழிவு என்பதற்கு இங்குத் தாழ்வு என்று பொருள் கொள்ளலாகாது. குருதியில் மிகுந்த சர்க்கரை நீரையும் இழுத்துக்கொண்டு சிறுநீராய் வெளியேறுகிறது. உடல் வறள்கிறது. செல்களுக்கோ அச்சர்க்கரை எட்டுவதில்லை. ஏனெனில், அதனை உள்ளே ஏற்கச் செய்யும் இன்சுலின் இல்லை. வெள்ளத்தின் நடுவே நின்று விடாய்த்தவன் நிலை இது. பசித்த உடல் தன் கொழுப்பைக் கரைக்கத் தொடங்குகிறது. அக்கொழுப்பிலிருந்து கல்லீரல் கீட்டோன்களை உருவாக்குகிறது. அவை அளவிறந்து பெருகும்போது குருதி அமிலத்தன்மை அடைகிறது. அவ்வமிலத்தைப் போக்க உடல் ஆழ்ந்து, விரைந்து மூச்சு வாங்குகிறது. கீட்டோ அமிலத்துவம் எனப்படும் இந்நிலை கவனிக்கப்படாவிடில் உணர்விழப்பிலும் இறப்பிலும் முடியும்.

அதே நகரின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மெக்லியாடின் ஆய்வகத்தில், அறுவை மருத்துவர் பேண்டிங்கும் மாணவர் பெஸ்டும் கணையச் சாற்றை நாய்களில் ஆய்ந்து வந்தனர். 1922 சனவரி 11 அன்று அச்சாறு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. குருதிச் சர்க்கரை 440 மில்லிகிராமிலிருந்து 320க்கு இறங்கியது. ஆயினும் கீட்டோன்கள் அகலவில்லை; ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி எழுந்தது. அம்முயற்சியைத் தோல்வி என்றே கொள்ள வேண்டும். உயிர்வேதியியலாளர் காலிப் சாற்றைத் தூய்மை செய்து தந்தார். சனவரி 23 அன்று மீண்டும் செலுத்தினர். ஒரே நாளில் சர்க்கரை 520இலிருந்து 120க்கு இறங்கியது. சிறுநீரில் கீட்டோன்களும் மறைந்தன. லியோனார்ட் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான்.

1923இல் நோபல் பரிசு பேண்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் வழங்கப்பட்டது. பேண்டிங் தம் பரிசுத்தொகையைப் பெஸ்டுடனும், மெக்லியாட் காலிப்புடனும் பகிர்ந்துகொண்டனர். காப்புரிமை, ஆளுக்கு ஒரு டாலர் என்னும் விலைக்குப் பல்கலைக்கழகத்திற்கே தரப்பட்டது.

இன்று இந்நோயாளி மருத்துவமனையை அடைந்ததும் இன்சுலினுக்கு முன்பே சிரைவழி உப்புநீர் ஏற்றப்படுகிறது. வறட்சி நீங்குதல் முதற்பணி. அடுத்துப் பொட்டாசியத்தின் அளவைப் பார்ப்பர். இன்சுலின் பொட்டாசியத்தைக் குருதியிலிருந்து செல்களுக்குள் செலுத்திவிடும் இயல்புடையது. ஆதலால், முன்னரே அது குறைந்திருப்பின் அதை ஈடுசெய்த பின்னரே இன்சுலின் தொடங்குவர். இல்லையேல் இதயத்துடிப்பே தடுமாறக்கூடும். பின்னர் உடல் எடையில் கிலோகிராமுக்கு மணிக்கு 0.1 அலகு என்னும் அளவில் இன்சுலின் சிரைவழியே செல்கிறது.

சில மணி நேரத்தில் சர்க்கரை இறங்கிவிடும். அப்போது இன்சுலினை நிறுத்துதல் பெரும்பிழை. சர்க்கரை தணிந்தும் குருதியில் அமிலம் எஞ்சியிருக்கும். ஆகவே, குளுக்கோஸ் கலந்த நீரை ஏற்றிக்கொண்டே, அமிலம் தீரும்வரை இன்சுலினையும் தொடர்வர். சர்க்கரை நோய்க்குச் சர்க்கரையையே ஏற்றுவது முரணாகத் தோன்றினும், கீட்டோன் உருவாவதைத் தடுக்கும் வழி அதுவே.

முதல்வகை நீரிழிவு உடையோர் காய்ச்சலுற்று உண்ண இயலாதபோது, 'உணவில்லையே, ஊசி எதற்கு?' என்று வீட்டார் எண்ணுவதுண்டு. அந்நாள்களிலும் உடலுக்கு இன்சுலின் வேண்டும். நோயின் தாக்கத்தால் சில வேளை கூடுதலாகவே வேண்டும். அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றலாம். ஊசியை முற்றும் நிறுத்தலாகாது. வாந்தியும் வயிற்றுவலியும் ஆழ்ந்த மூச்சும் சேர்ந்து தோன்றின், விடியட்டும் என்று காத்திராது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.