புகை சொன்ன செய்தி

நாமக்கல், லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அவ்வூர் லாரி ஒன்று நாக்பூர்ப் பகுதியில் பஞ்சுப் பொதிகளை ஏற்றிக்கொண்டு, 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியாகத் தமிழகத்து நூற்பாலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அதற்கு முன் ஒரு மாதமாக, பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஆலைகளுக்கும் கிடங்குகளுக்கும் இடையே அது ஓடியிருந்தது.

அதிலாபாத்தைக் கடந்தபின் வந்த ஏற்றத்தில் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பின்புறம் நீலப் புகை எழுந்தது. ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். உதவியாளனான இளைஞன் ரேடியேட்டரின் மூடியைத் திறக்க ஓடினான்.

“தொடாதே தம்பி! உள்ளே நீர் அழுத்தத்தில் இருக்கிறது. அதனால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்தால் அந்நொடியே கொதித்து முகத்தில் பாயும். ஆறட்டும்” என்று ஓட்டுநர் தடுத்தார்.

அருகிலிருந்த பட்டறையில் காட்டியபோது, “பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன. எஞ்சினை முழுவதும் பிரிக்க வேண்டும். பத்து நாள்கள் ஆகும்” என்றனர். ஓட்டுநர் திகைத்தார். லாரி கடனில் வாங்கியது. பத்து நாள்கள் நின்றால் அம்மாதத் தவணையைக் கட்ட இயலாது.

சற்றுத் தொலைவில் முதியவர் ஒருவர் பட்டறை வைத்திருந்தார். தமிழக ஓட்டுநர்களோடு பழகித் தமிழும் கற்றிருந்தார். அவர் கருவியைக் கையில் எடுக்கவில்லை, முதலில் வினவினார்.

“புகையின் நிறம் என்ன?”

“நீலம் ஐயா.”

“கறுப்புப் புகை என்றால் டீசல் முழுமையாக எரியவில்லை. வெள்ளைப் புகை நில்லாமல் வந்தால் நீரோ, எரியாத டீசலோ கலந்து வரலாம். நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. ஆனால், எண்ணெய் எவ்வழியே உள்ளே போகிறது? அதைத்தான் கண்டறிய வேண்டும்” என்றார் முதியவர்.

அவர் எளிய சோதனைகளிலிருந்து தொடங்கினார். எண்ணெயின் அளவு குறைந்திருந்தது. ஆனால் அது பால்போல வெளுத்திருக்கவில்லை. எனவே அதில் நீர் கலக்கவில்லை. எஞ்சின் நன்கு ஆறியபின் ரேடியேட்டரைத் திறந்து நீர் நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டார். நீரில் குமிழிகள் இடைவிடாது எழவில்லை. எனவே ஹெட் கேஸ்கட் பழுதுபட்டதற்கான அறிகுறி இல்லை. பின்னர் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தார். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் அவ்வழியே புகை வேகமாகப் பீறிடும். இதனைப் பட்டறைகளில் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பர். அங்கே மெல்லிய ஆவி மட்டுமே வந்தது.

“வளையங்களைக் குறைகூற முடியாது” என்ற முதியவர், எஞ்சினை நிறுத்திவிட்டு டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றினார். உள்ளே எண்ணெய் படிந்திருந்தது. டர்போவின் தண்டை விரலால் அசைத்தார். அது அளவுக்குமேல் ஆடவில்லை. இறுதியாகக் காற்று வடிகட்டியை வெளியே எடுத்தார். அது பஞ்சுத் தூசியால் அடைபட்டுக் கிடந்தது!

“வடிகட்டி அடைத்ததால் எஞ்சினுக்குப் போதிய காற்று இல்லை. டர்போ வலிந்து காற்றை உறிஞ்சும்போது, காற்றுக்கு மாறாக எண்ணெயை இழுத்துக்கொண்டது. எண்ணெய் எரிந்து நீலப் புகையானது” என்று அவர் விளக்கினார்.

“அப்படியானால் சூடு ஏறியது ஏன் ஐயா?” என்று இளைஞன் கேட்டான்.

முதியவர் அவனை வண்டியின் முன்புறம் அழைத்துச் சென்றார். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு இடையே அதே பஞ்சு, மெத்தைபோல் படிந்திருந்தது. காற்றுப் புகாததால் நீர் குளிரவில்லை. நோய்கள் இரண்டு; காரணம் ஒன்று.

எஞ்சின் பக்கமிருந்து காற்றை அடித்து ரேடியேட்டரைத் தூய்மை செய்தனர். புதிய வடிகட்டியைப் பொருத்தினர். எண்ணெயை உரிய அளவுக்கு நிரப்பினர். மாலையில் லாரி புறப்பட்டது. குழாய்களில் தங்கியிருந்த எண்ணெய் எரிந்து தீரும்வரை சிறிது புகை வந்தது, பின்னர் நின்றது. முள்ளும் நடுவிலேயே நின்றது.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து அறிந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்று திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் அறிவுறுத்துகிறார். அவ்வறிவுரை மனித உடலுக்கு மட்டும் உரியதன்று என்பதை இளைஞன் அன்று உணர்ந்தான்.

சொற்பொருள்
பொதி – மூட்டை
தவணை – பகுதி பகுதியாகச் செலுத்தும் தொகை
திகைத்தார் – செய்வதறியாது மயங்கினார்
வலிந்து – முயன்று

பயிற்சி
1. சூடான ரேடியேட்டரின் மூடியை ஏன் திறக்கக்கூடாது?
2. மூவகைப் புகையும் உணர்த்துவன யாவை?
3. பிஸ்டன் வளையங்கள் தேயவில்லை என்பதை முதியவர் எவ்வாறு அறிந்தார்?
4. ‘நோய்கள் இரண்டு, காரணம் ஒன்று’ – விளக்குக.
5. உங்கள் வீட்டில் பழுதுபட்ட பொருள் ஒன்றின் குறையைக் கண்டறிந்த முறையைப் பத்து வரிகளில் எழுதுக.