எந்த ஊரில் வீடு வாங்குவது?

கேள்வி: நானும் என் மனைவியும் அரசுப் பணியில் இருக்கிறோம். மனைவி ஸ்டாஃப் நர்ஸ். பட்டியல் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம், வயதான பெற்றோர் அங்கே இருக்கிறார்கள். தென்காசிக்கு மாறுதலாகி வந்து, குற்றாலம், மேலகரம், இலஞ்சி என்று மூன்று மாதமாக வாடகை வீடு தேடுகிறோம். போனில் சரி என்கிறவர்கள் நேரில் போனதும், "சொந்த ஊரு எது? ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்கிறார்கள். சொன்னதும், "அண்ணன்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்கிறார்கள். அப்புறம் போன் வருவதில்லை. அமெரிக்காவில் கறுப்பின நடுத்தரக் குடும்பங்கள் செழித்து வாழும் ஊர்கள் என்று அட்லாண்டாவையும் வாஷிங்டன் புறநகரையும் சொல்கிறார்கள். நம்மவர்களுக்கு அப்படி ஓர் ஊர் உண்டா? கடன் வாங்கியாவது சொந்த வீடு வாங்கிவிடலாம் என்று நினைக்கிறோம். தென்காசியா, திருநெல்வேலியா, சென்னையா? மகள் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள்.
(பெயர் வெளியிட வேண்டாம், குற்றாலம்)

பதில்: நெல்லைச் சீமையில் சாதியை நேராகக் கேட்க மாட்டார்கள், தெருவைக் கேட்பார்கள். மேலத்தெருவா, கீழத்தெருவா, காலனியா என்று தெரிந்தால் போதும், மீதியை அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்த ஒரு சொல் எத்தனை பேரை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கும் என்பதற்கு உங்கள் கடிதமே சாட்சி.

நீங்கள் குற்றாலத்தில் இருப்பதால் ஒன்றைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள். ஜூனில் சாரல் விழத் தொடங்கியதும் அங்கே பல வீடுகள் நாள் வாடகைக்குப் போகின்றன. கொல்லத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ வேனில் வந்து இறங்கும் குடும்பத்திடம் முன்பணம் வாங்குவார்கள், ஆதார் நகல் வாங்குவார்கள். எந்தத் தெரு என்று கேட்பதில்லை. சீசன் முடிந்து, அதே வாசலில் வருஷ வாடகைக்கு 'டூ லெட்' அட்டை தொங்கும்போது அந்தக் கேள்வி வந்துவிடுகிறது. வந்து போகிறவரால் தெருவில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. தங்கிவிடுகிறவர் என்றால், பக்கத்து வீட்டு ஆச்சி என்ன சொல்வாரோ, சொந்தக்காரர் என்ன சொல்வாரோ என்ற பயம் வீட்டுக்காரருக்கு. ஒருவரை ஒருவர் மூன்று தலைமுறையாக அறிந்த தெருவில் அந்தப் பயம் மிக அதிகம். பல ஊர்க்காரர் வந்து குடியேறும் இடத்தில் அது மெலிந்துபோகும். உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

பெரிய நகரத்துக்குப் போய்விட்டால் தீர்ந்துவிடும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். சுகதேவ் தோரட்டும் சக ஆய்வாளர்களும் டெல்லி வட்டாரத்தில் வாடகை வீடு தேடுகிறவர்களாக ஆட்களை அனுப்பிப் பார்த்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். வேலையும் சம்பளமும் ஒன்றாக இருந்தும், ஏறத்தாழ ஐந்தில் ஒரு தலித்துக்கும் மூன்றில் ஒரு முஸ்லிமுக்கும் வீடு இல்லை என்று மறுக்கப்பட்டது. இன்னும் பலருக்குக் கூடுதல் வாடகை, கூடுதல் நிபந்தனை. சென்னை உள்ளிட்ட ஏழு பெருநகரங்களை 2001 கணக்கெடுப்பை வைத்து ஆராய்ந்த இன்னொரு ஆய்வு 2012-இல் வந்தது. அந்த நகரங்களில் மக்கள் பணத்தால் பிரிந்து வாழ்வதைவிடச் சாதியால் பிரிந்து வாழ்வதே அதிகம் என்று அது காட்டியது.

இனி அமெரிக்கா. வாஷிங்டனை ஒட்டிய பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டி செழித்ததற்குக் காரணம் மண்வளம் இல்லை. பக்கத்திலேயே மத்திய அரசின் வேலைகள் இருந்தன. தனியார் முதலாளி நிறம் பார்த்துக் கதவடைத்த காலத்தில் அரசு வேலைதான் கறுப்பினத்தாருக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் கொடுத்தது. அட்லாண்டாவுக்கு இன்னொரு பலம், மோர்ஹவுஸ், ஸ்பெல்மன் போன்ற கறுப்பினக் கல்லூரிகள். 1968-இல் வந்த சட்டம், வீட்டை விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறம் பார்ப்பதைத் தடைசெய்தது. நம்மிடம் அப்படித் தனியாக ஒரு வீட்டுச் சட்டம் இன்றுவரை இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ஆனால் அந்தச் செழிப்பின் அடியில் ஓட்டை இருந்தது. 1930-களிலிருந்தே கறுப்பினத்தார் வாழும் தெருக்களை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்து, அங்கே வீட்டுக் கடன் கிடைக்காமல் செய்தார்கள். அதன் தழும்பு இன்னும் ஆறவில்லை. கறுப்பினத்தார் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில், மற்றபடி ஒரே தரத்திலுள்ள வீடு சராசரியாக 23 சதவீதம் விலை குறைவாக மதிக்கப்படுகிறது என்று புரூக்கிங்ஸ் நிறுவனத்தின் 2018 ஆய்வு சொல்கிறது. ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 48,000 டாலர். 2008 நெருக்கடியில் பிரின்ஸ் ஜார்ஜஸிலேயே ஏராளமான குடும்பங்கள் கடன் கட்ட முடியாமல் வீட்டை இழந்தன. சிகாகோவின் தென்பகுதியை ஆராய்ந்த மேரி பட்டில்லோ வேறொன்றைக் கண்டார். கறுப்பின நடுத்தரக் குடும்பம் நல்ல தெருவுக்குக் குடிபோனாலும், அடுத்த தெருவின் வறுமையும் வன்முறையும் அவர்கள் பிள்ளைகளையும் தொட்டன. ஊர் நல்லதா என்று கேட்பதோடு நில்லாமல், சம்பளம் எங்கிருந்து வருகிறது, நாளை அந்த வீட்டை யார் வாங்குவார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நம்மவர்களுக்கு அப்படி ஓர் ஊர் இருந்ததா? கோலார் தங்கவயலைச் சொல்வேன். வடாற்காடு வட்டாரத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுரங்கத்துக்குப் போனவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தலித்துகள். 1902-லேயே மின்சாரம் வந்த ஊர் அது. பண்ணையாரின் களத்துமேட்டில் கைகட்டி நிற்க வேண்டிய நிலை அங்கே இல்லை. படிப்பும் சங்கமும் அரசியலும் வளர்ந்தன. பிள்ளைகள் ஆசிரியர்களும் பொறியாளர்களும் ஆனார்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடியது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த லைன் வீடுகள் கம்பெனியின் வீடுகள், குடியிருந்தவர் கையில் பத்திரம் இல்லை. இன்று ஆயிரக்கணக்கானோர் விடிகாலை ரயிலேறிப் பெங்களூருவுக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள். டெட்ராய்டில் கார்த் தொழில் தேய்ந்தபோது கறுப்பினத் தொழிலாளர் பலருக்கு வீடாவது மிஞ்சியது, அதன் விலைதான் போயிற்று. தங்கவயலில் அந்த வீடும் சொந்தமில்லை. ஒற்றை முதலாளியை நம்பிய செழிப்பு அவ்வளவுதான் தாங்கும்.

வடசென்னை அதைவிடத் தாங்கியது. பெரம்பூரையும் வியாசர்பாடியையும் சுற்றிப் பி அண்ட் சி மில் ஒன்றே இருந்திருந்தால், 1996-இல் அது மூடியபோது அங்கும் கதை முடிந்திருக்கும். ரயில்வே பணிமனைகளும், 1955-இல் தொடங்கிய ஐ.சி.எஃப்-உம், துறைமுகமும் இருந்ததால் பல குடும்பங்கள் தப்பின.

நம் பக்கத்துக்கு வருகிறேன். வசதி வந்த பிறகு பகையும் வரும் என்பதை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஓக்லஹோமாவின் டல்சா நகரில் கறுப்பின வணிகர்கள் செழித்திருந்த கிரீன்வுட் பகுதியை 1921-இல் வெள்ளையர் கும்பல் எரித்தது. இங்கே, 1995 ஆகஸ்ட் 31 அன்று, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் கொடியன்குளத்தில் போலீஸ் படை புகுந்தது. வளைகுடா நாடுகளில் உழைத்துச் சம்பாதித்து நிமிர்ந்த ஊர் அது. டிவி, மின்விசிறி, தையல் இயந்திரம் என்று உழைப்பில் வாங்கிய பொருள்களைத் தேடித்தேடி உடைத்தார்கள். பாஸ்போர்ட்டும் படிப்புச் சான்றிதழும் தீக்குப் போயின. எதை அழித்தார்கள் என்பதிலேயே எதைப் பொறுக்கவில்லை என்பது தெரிகிறது.

அதற்கும் முன்னால், 1981 பிப்ரவரி 19-இல், உங்கள் தென்காசி வட்டாரத்து மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான தலித்துகள் இஸ்லாத்தைத் தழுவினார்கள். டெல்லிவரை அதிர்ந்தது. பணத்துக்காக மாறினார்கள் என்று பேசியவர்கள் உண்டு. மாறியவர்களில் படித்தவர்கள் இருந்தார்கள், நிலம் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள், அரசு வேலையில் இருந்தவர்களும் இருந்தார்கள். வயிறு நிறைந்த பிறகுதான் டீக்கடையில் தனி கிளாஸ் தொண்டையில் இறங்க மறுக்கிறது. உங்களுக்கு அந்த வீட்டுக்காரரின் "சொல்லுதேன்" உறுத்துவதும் அதனால்தான். 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில், 'ஊர்க் கட்டுப்பாடு' என்று சொல்லிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடைக்காரர் தின்பண்டம் தர மறுத்த காட்சியை ஊரே பார்த்தது. கேட்டுப் பழகிய வார்த்தைதான், ஆனால் ஒரு பிள்ளை கையில் காசோடு நின்று அதைக் கேட்டது. தென்காசி நாடாளுமன்றத் தொகுதி தனித்தொகுதி, சங்கரன்கோவிலும் வாசுதேவநல்லூரும் தனித்தொகுதிகள். உறுப்பினர் கிடைப்பதும் வாடகைக்கு வீடு கிடைப்பதும் வேறு வேறு என்பதை இந்த மாவட்டம் நன்றாக அறியும்.

சரி, எங்கே வாங்குவது? தென்காசியிலேயே வாங்குங்கள் என்பது என் பதில். 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனதிலிருந்து அலுவலர்களும் ஆசிரியர்களும் வங்கிக்காரர்களும் வெளியூர்களிலிருந்து வந்து குடியேறுகிறார்கள். மத்தளம்பாறையில் சோஹோ இருக்கிறது, அரசு வேலையை மட்டும் நம்பாத இளைஞர்கள் இங்கேயே தங்குகிறார்கள். பழைய தெருக்களுக்குள் போகாதீர்கள். திருநெல்வேலி சாலைப் பக்கம் புதிதாக மனை பிரித்து, பல ஊர்க்காரர், பல சமூகத்தார் வாங்கியிருக்கும் குடியிருப்பாகப் பாருங்கள். முன்பே வீடு கட்டிக் குடிவந்தவர்களின் வாசலில் பத்து நிமிஷம் நின்று பேசினால் யார் யார் இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். நாளை விற்க நேர்ந்தால் எல்லோரும் வாங்க வருவார்கள், விலை குறையாது. உங்கள் இருவர் வேலையும் இங்கே, வயதான பெற்றோரும் ஒரு மணி நேரத் தூரத்துக்குள். மகள் பெரியவளாகிக் கல்லூரிக்குப் போகும்போது குற்றாலம் பராசக்தி கல்லூரியும் பக்கம், அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகமும் எட்டும் தூரம். சென்னைக்குப் போனால் இதே பணத்தில் நகரத்தின் கடைசியில்தான் வீடு கிடைக்கும், பிள்ளையின் மாலைப் பொழுது பஸ்ஸில் கரையும்.

இப்படிக் கலந்து வாழ்வதெல்லாம் நடக்குமா என்று சந்தேகப்படாதீர்கள். பெரியார் நினைவுச் சமத்துவபுரங்களில் 100 வீட்டில் 40 பட்டியல் சமூகத்துக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு என்று அடுத்தடுத்து ஒதுக்கினார்கள். முதலாவது 1998-இல் மதுரை மாவட்டத்து மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. வேலை கிடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவற்றை இன்னும் நிறையக் கட்டியிருக்க வேண்டும் என்பதுதான் என் குறை.

கிராமத்து வீட்டை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அது அரசு கொடுத்த இலவச மனைப்பட்டா என்றால், விற்பனைக்கும் அடமானத்துக்கும் நிபந்தனை இருக்கும். நம் மக்களில் எத்தனையோ பேருக்கு வீடு உண்டு, அதை வைத்து ஒரு பிள்ளையின் படிப்புக்குக் கடன் வாங்க வழியில்லை. நிபந்தனைக் காலம் முடிந்ததா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் பார்த்து, உங்கள் பெற்றோர் பெயரில் பட்டாவைச் சரிசெய்து வையுங்கள். புதிய மனை வாங்கும்போதும் அது பஞ்சமி நிலமா என்று கட்டாயம் பாருங்கள். 1892-இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் முயற்சியால் வழங்கப்பட்ட அந்த நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போய்விட்டது. நம் தாத்தாக்களிடமிருந்து பறிபோன நிலத்தையே நாம் விலை கொடுத்து வாங்கும் நிலை வரக் கூடாது. நகர் ஊரமைப்புத் துறை அனுமதியைப் பாருங்கள், 30 வருஷ வில்லங்கம் போடுங்கள், பத்திரத்தை உங்கள் இருவர் பெயரிலும் பதியுங்கள்.

வீடு அமையும்வரை வாடகைக்கு, வெளியூரிலிருந்து மாறுதலில் வந்த சக ஊழியர்கள் குடியிருக்கும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். யாராவது தெருவைக் கேட்டால் உங்கள் வேலையையும் அலுவலகத்தையும் சொல்லுங்கள். அதற்குமேல் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்குக் கிடையாது.

தென்காசி, குற்றாலம் பக்கம் வீடு வாடகைக்கு விடும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. வருகிறவரிடம் முன்பணம் கேளுங்கள், எத்தனை பேர் என்று கேளுங்கள், கரண்ட் பில் யார் கட்டுவது என்று பேசிக்கொள்ளுங்கள். தெருவைக் கேட்காதீர்கள். இந்தக் குடும்பம் மூன்று மாதமாக வீடு தேடி அலைகிறது.