ஏஞ்சல் மீனும் பவளமும்

கடலுக்கு எட்டத்தில், சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நாம் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் ஏஞ்சல் மீன், தென் அமெரிக்க ஆறுகளின் நன்னீர் மீன். கடல் ஏஞ்சல் மீன் வேறு இனம். அதைப் பவளத்துடன் ஒரே உப்புநீர்த் தொட்டியில் வளர்க்கலாமா?

பவளம் வெறும் கல்லன்று, சிற்றுயிர்களின் கூட்டம். அவற்றின் உடலில் வாழும் நுண்பாசிகள் ஒளியால் உணவு ஆக்கி அவற்றிற்கும் அளிக்கின்றன. மீன் கொத்தினால் அவ்வுயிர்கள் சுருங்கிக்கொள்ளும். ஓயாமல் கொத்தினால் ஒளியும் உணவும் குறைந்து மெலியும். பரந்த கடலில் பெரிய ஏஞ்சல் மீன்கள் கடற்பஞ்சுகளைத் தேடி மேயும். சிறு தொட்டியில் மேய வேறிடம் ஏது? ஆகவே இரண்டையும் சேர்த்து வைப்பது தகாது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் பவளப்பாறைகளும் 1986-இல் தேசியப் பூங்காவாயின. பாறை கட்டும் பவளங்களை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் காக்கிறது. அவற்றைப் பெயர்த்தெடுப்பது குற்றம். இறைவன் படைத்த அழகை அதன் இடத்திலேயே வாழவிடுவோம்!