எரிமலைக் காசும் எங்கள் வாழைத் தோட்டமும்

“ஸ்பெயினிலை எரிமலை வெடிச்சு வாழைத்தோட்டம் எல்லாம் எரிஞ்சு போச்சு. அடுத்த கிழமையே அரசாங்கம் முழுக்காசையும் எண்ணிக் குடுத்திட்டுது. இஞ்சை புயலடிச்சால் நிரப்பச் சொல்லிப் படிவம்தான் தருவினம்.”

டித்வா புயலுக்குப் பிறகு நீர்வேலியில் இந்தக் கதை ஓயவில்லை. குலை ஏலம் நடக்கும் இடத்திலும் சொல்கிறார்கள், தேத்தண்ணிக் கடையிலும் சொல்கிறார்கள், கனடாவிலிருந்து வரும் தொலைபேசியிலும் சொல்கிறார்கள். எந்தத் தீவு, எந்த ஆண்டு, யார் கொடுத்த காசு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தெரியாத கதையை வைத்துக்கொண்டு இருக்கிற வேலையைச் செய்யாமல் இருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தத் தீவின் பெயர் லா பல்மா. ஸ்பெயினுக்குச் சொந்தமான கனேரித் தீவுகளில் ஒன்று. 2021 செப்ரெம்பர் 19 அன்று அங்கே எரிமலை வெடித்தது. 85 நாட்கள் குழம்பு கக்கியது. 1,200 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலம் மூடுண்டது. ஏறக்குறைய 7,000 பேர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். எங்கள் ஊரைப் போலவே அதுவும் வாழையை நம்பிய மண். குழம்பு போகாத தோட்டங்களிலும் சாம்பல் விழுந்து காயின் தோலைக் கீறியது. அப்படிக் கீறுபட்ட காயைச் சந்தையில் விற்க முடியாது. தண்ணீர்க் குழாய்களும் அறுந்தன. இவ்வளவும் உண்மை.

“அரசாங்கம் எண்ணிக் கொடுத்தது” என்பதுதான் பொய். பொலிசி வைத்திருந்தவர்களுக்கு 20 கோடி யூரோவுக்கு மேல் கொடுத்தது கொன்சோர்சியோ என்ற காப்புறுதி நிறுவனம். அது அரச நிறுவனம்தான், 1954 இலிருந்து நிரந்தரமாக இயங்குகிறது. ஆனால் அது கொடுப்பது திறைசேரிக் காசு அல்ல. ஸ்பெயினில் ஒருவர் வீட்டுக்கோ வாகனத்துக்கோ எந்தத் தனியார் கம்பனியில் பொலிசி எடுத்தாலும், கட்டும் தவணையோடு ஒரு சிறு மேலதிகத் தொகை சேர்த்து அறவிடப்படுகிறது. அது இந்த நிறுவனத்துக்குப் போகிறது. எரிமலை, வெள்ளம், பூமியதிர்ச்சி வந்தால் அந்தப் பணம் திரும்பி வருகிறது. சீட்டுக் கட்டியவனுக்குத்தான் சீட்டு விழும், அதே கணக்குத்தான். பொலிசி இல்லாதவனுக்கு அங்கே ஒரு சதமும் இல்லை. அவன் அரசின் வரம்புக்குட்பட்ட உதவிக்காகத் தனியே வரிசையில் நின்றான். எரிமலை அடங்கி ஓராண்டுக்குப் பிறகும் கொள்கலனில் செய்த தற்காலிக வீடுகளில் குடும்பங்கள் இருந்தன. தாமதத்தை எதிர்த்து ஊர்வலமும் போனார்கள். “அடுத்த கிழமையே முழுக்காசும்” என்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நிலத்துக்கும் அந்தக் காப்புறுதி ஈடு கொடுக்காது. கட்டடத்துக்கும் அதிலுள்ள பொருளுக்கும்தான்.

வாழைக் கதை இன்னும் முக்கியம். கனேரித் தீவுகளின் வாழைச் செய்கையாளர்கள் தங்கள் சங்கத்தின் மூலம் ஒரே ஒரு கூட்டுப் பொலிசி எடுத்திருக்கிறார்கள். பெரிய தோட்டக்காரனும் சிறியவனும் அதற்குள்தான். தவணையில் ஒரு பங்கை அரசு மானியமாகக் கட்டுகிறது. அரசு செலவழித்த இடம் அது, அனர்த்தத்துக்கு முன்னால். நீங்கள் பெருமூச்சு விடுவது எரிமலைக்குப் பின் வந்த காசைப் பார்த்து. அதற்கு முன் கட்டிய தவணையை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை.

ஐஸ்லாந்தையும் பாருங்கள். 1973 இல் ஹெய்மாய் தீவில் எரிமலை வெடித்தபின், 1975 இல் கட்டாய அனர்த்தக் காப்புறுதியை ஏற்படுத்தினார்கள். 2023 நவம்பரில் கிரின்டாவிக் ஊரே காலி செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு அரசு அந்த வீடுகளை வாங்க முன்வந்தபோது கொடுத்த விலை, தீக்காப்புறுதிப் பெறுமதியில் 95 சதவீதம். பதிவும் மதிப்பும் முன்னரே இருந்ததால் வீட்டு விலையை அந்த அளவுகோலில் அளக்க முடிந்தது.

அரசுகள் எல்லாம் கையை விரித்துக் கொடுக்கும் என்று நம்புகிறவர்கள் மொன்செராற் என்ற சிறு தீவை அறிந்திருக்க வேண்டும். 1995 இல் அங்கே எரிமலை விழித்தது. தலைநகர் பிளிமத் கைவிடப்பட்டது. தீவு பிரித்தானியாவின் ஆட்சிக்குட்பட்டது. 1997 இல் மக்கள் கூடுதல் உதவி கேட்டபோது, இவர்கள் அடுத்து பொன் யானைகள் கேட்பார்கள் என்றார் பிரித்தானிய அமைச்சர் கிளேர் ஷோர்ட். எங்கள் பிள்ளைகள் வரி கட்டும் அதே லண்டன் அரசாங்கம்தான் அது.

ஊரில் உலவும் மற்றக் கதைகளுக்கு அதிக இடம் தேவையில்லை. ஆளுக்கு 25,000 ரூபா என்ற கதை பிழை. டித்வா வேளையில் அரசு அறிவித்த 25,000 ரூபா, வெள்ளம் புகுந்த வீட்டைத் துப்புரவு செய்வதற்கானது. மழையில் நனைந்த எல்லோருக்கும் அல்ல. அதற்காக கிராம அலுவலரின் வாசலில் நின்று சத்தம் போடுவது அநியாயம்.

வெளிநாட்டுக் காசு கோடிக்கணக்கில் இனாமாக வந்து கொழும்பில் கிடக்கிறது என்பது இன்னொன்று. 25 மாவட்டங்களையும் பாதித்த அந்தப் புயலின் நேரடிச் சேதத்தை உலக வங்கி 410 கோடி டொலர் என்று மதிப்பிட்டது. சர்வதேச நாணய நிதியம் தந்த 20.6 கோடி டொலர் கடன். இந்தியா அறிவித்த 45 கோடியில் 35 கோடி கடன், 10 கோடிதான் நன்கொடை. வந்ததில் பெரும்பங்கை வட்டியோடு திருப்பிக் கட்டப்போவது நாங்கள். வடக்குக்கு வரவேண்டிய பங்கைக் கணக்கோடு கேட்போம். அதற்கும் கணக்கு வேண்டும்.

நிலாவரைக்குக் கீழே எரிமலை இருக்கிறது என்று பயப்படுத்துகிறவர்களுக்கு ஒரே வரி: நாங்கள் நிற்பது சுண்ணாம்புக்கல், அது கரைந்து இடிந்த பள்ளம்தான் நிலாவரை.

காப்புறுதி இந்த நாட்டுக்குச் சரிவராது என்பவர்களுக்கும் பதில் உண்டு. 2016 ஏப்ரலில் தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் நாடு முழுவதற்கும் இயற்கை அனர்த்தக் காப்புறுதியைத் தொடங்கியது. அடுத்த மாதமே வெள்ளமும் அரநாயக்க மண்சரிவும் வந்தன. வீடு இழந்தவர்களுக்கு 25 இலட்சம் ரூபா வரை கொடுக்க அதில் இடம் இருந்தது.

எங்கள் பயிர்தான் வெளியே நிற்கிறது. விவசாய, கமநலக் காப்புறுதிச் சபை 1973 இலிருந்து உள்ள சபை. அதன் இலவசக் காப்புறுதி ஆறு பயிர்களுக்கு வகுக்கப்பட்டது: நெல், சோளம், சோயா, பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகாய். வாழை இல்லை. யாழ்ப்பாணத்தின் சின்ன வெங்காயமும் இல்லை. தம்புள்ளைக்கு ஏற்ற பட்டியல் அது. கதலியும் இதரையும் கப்பலும் நட்டு, காற்றுக் காலத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வலிகாமம் கிழக்குக் கமக்காரனை நினைத்து எழுதப்பட்டதல்ல. எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் பேச வேண்டிய விடயம் இது. எரிமலைக் கதை பேசும் நேரத்தில் அவர்களிடம் இதைக் கேளுங்கள்.

எங்கள் வாழைச் செய்கையாளர் சங்கம் செய்யவேண்டியதும் இருக்கிறது. யாருடைய தோட்டம், எத்தனை பரப்பு, என்ன இனம், எந்த மாதம் நட்டது, எத்தனை வாழை நிற்கிறது என்ற பதிவேடு முதலில் வேண்டும். ஏலத்தில் விற்கும் குலைக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கழித்து, கூட்டுப் பொலிசிக்கான தவணையைச் சேர்க்கலாம். மிச்சத்தை மானியமாகக் கேட்டு கோப்பாய்ப் பிரதேச செயலகத்தினூடாகவும் கமநல சேவை நிலையத்தினூடாகவும் காப்புறுதிச் சபைக்கு எழுதலாம். பதிவேடு ஆவணிக்குள் முடிய வேண்டும். ஐப்பசியில் தாழமுக்கம் வருகிறது என்று வானொலி சொன்னபின் புதிய பொலிசி எழுத எந்தக் கம்பனியும் வராது.